வட்டி வேண்டாம் என்று சொன்ன மைத்துனர்

1

எங்கள் வீட்டுக்கு ஐந்து வயது நிறைவடையப் போகிறது என்பதை எனக்கு அறிவித்தவள் என் பேத்தி ஆரணி. பாடசாலைப் பை தோளில் கிடக்க, தபாற்பெட்டியிலிருந்து எடுத்து வந்த வங்கிக் கடிதத்தைப் பிரித்து, சமையலறை வாசலில் நின்று உரத்துப் படித்தாள். ஆங்கிலத்தில் முழுவதையும் படித்து முடித்தபின், எனக்கும் விளங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் தமிழ்ப்படுத்தினாள்.

“அம்மப்பா, எங்கட வீட்டுக் கடன் ஓகஸ்ட்டிலை பெரியபிள்ளை ஆகுதாம்.”

அவளுடைய அம்மம்மா, அதாவது என் மனைவி பரமேஸ்வரி, அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு விரைந்து வந்தார். “ஆர் பெரியபிள்ளை ஆகினது?”

“கடன், அம்மம்மா.”

பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. கடனொன்றின் தவணை முடிவதற்கும், பெண்பிள்ளை ஒருத்தி பருவமெய்துவதற்கும் ஆங்கிலேயர் ‘மெச்சூர்’ என்ற ஒரே சொல்லைப் பாவிக்கின்றனர். சென்ற ஆண்டு மண்டபம் எடுத்து அவளுக்குச் சடங்கு செய்தபோது அச்சொல் அவள் காதில் பலமுறை விழுந்திருந்தது. ஆயினும் ஆறுதலாக யோசித்துப் பார்க்கையில், அவளுடைய மொழிபெயர்ப்பு வங்கியின் மூலத்தைவிட உண்மைக்கு அண்மையில் நின்றது. சடங்கு வந்தால் செலவு வரும். உறவினர் ஒருவராவது முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் கடன் விடயத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. அதனை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். ஊரிலும் இப்போது வீட்டுக்கடன் எடுப்போர் பெருகிவிட்டனர் என்று அறிவதால், எவருக்காவது பயன்படக்கூடும்.

2

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். “உவையள் கனடாவிலை சொந்த வீட்டிலை இருக்கினம்” என்று ஊரில் எங்களைப்பற்றிக் கதைப்பது எனக்குத் தெரியும். இங்கு சொந்த வீடு என்பது, வங்கியின் பணத்தில் வாங்கிய வீட்டில் நாம் குடியிருந்து, அதன் கூரையையும் புல்லையும் பராமரித்துக்கொடுக்கும் ஓர் ஏற்பாடு. கடன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு. ஆனால் வட்டி வீதத்துக்கான உறுதிமொழி பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கே. அது முடிந்ததும் எஞ்சிய கடனுக்கு அன்றைய வட்டியில் புதிதாக ஒப்பந்தம் எழுதவேண்டும். நாங்கள் வீடு வாங்கிய காலத்தில் வட்டி தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. அது எழுந்து நடக்காது என்று நம்பியோர் பலர். எங்கள் மருமகன் ஜெயந்தனும் அவர்களுள் ஒருவர்.

நான் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. எஞ்சியதைப் பத்திரிகைகளிலிருந்தும், எங்கள் சங்கத்தில் பிழை பிடிக்க வந்த கணக்காய்வாளர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டேன். ஆகையால் மகள் தர்சினியும் ஜெயந்தனும் வீடு வாங்கப் புறப்பட்டபோது, கேளாமலே ஆலோசனை வழங்கும் உரிமை எனக்கு இருப்பதாகக் கருதினேன்.

இங்குள்ள எங்கள் ஆட்களிடையே, வீடு விற்றுத் தரும் முகவரோ கடன் எடுத்துத் தரும் தரகரோ இல்லாத குடும்பம் அரிது. அவர்களுடைய புன்னகை பூத்த படங்களைப் பேருந்துத் தரிப்பிடங்களிலும் கோயில் திருவிழா மலர்களிலும் காணலாம். செத்த வீட்டில் துக்கம் விசாரித்த கையோடு முகவரி அட்டையை நீட்டியவரையும் நான் கண்டிருக்கிறேன். நல்ல மனிதர், அட்டையை நீட்டும்போது புன்னகையைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்.

எங்களுக்கு வாய்த்த தரகர் கணினியைத் தட்டிப் பார்த்து, வங்கி எவ்வளவு வரை கடன் தரும் என்று ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கேட்ட கணத்தில் ஜெயந்தன் ஓர் அங்குலம் உயர்ந்தார். அன்று மாலையே அத்தொகை முழுவதையும் விழுங்கக்கூடிய பெரிய வீடுகளைத் தேடத் தொடங்கினார்.

“தம்பி, சங்கக் கடையிலை ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு வரை கடன் குடுக்கலாம் எண்டு நான் ஒரு தொகை குறிச்சு வைச்சிருந்தனான்” என்று அவருக்கு விளக்கினேன். “அது என்ரை துணிவின்ரை அளவு. அவையின்ரை வயித்தின்ரை அளவில்லை.”

“மாமா, இது பாங்க். சங்கக் கடை இல்லை.”

“ஓம், வித்தியாசம் இருக்கு. நான் கடனைக் கேக்கப் போனால் வீட்டிலை தேத்தண்ணி தருவினம்.”

அதன்பின் தர்சினி தலையிட்டுச் சிறிய வீடொன்றைத் தெரிவு செய்தாள். அடுத்த இடர் சோபா உருவில் வந்தது. வீட்டைக் கையேற்க இன்னும் ஒரு மாதம் இருக்கையில், பால் காய்ச்சும் நாளுக்கு வருவோர் அமர்வதற்கென ஜெயந்தன் தவணைக் கட்டணத்தில் சோபாத் தொகுதி ஒன்றைப் பார்த்து வந்தார். தரகர் எப்படியோ மணந்துபிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணை, வீட்டுக் கதவின்ரை திறப்பு கைக்கு வரும்வரைக்கும் ஒரு கரண்டி கூடக் கடனுக்கு வாங்காதேங்கோ. பாங்க் கடைசி நாளிலையும் உங்கடை கடனெல்லாத்தையும் திருப்பிப் பார்க்கும். புதுசா ஒண்டைக் கண்டால் தாறனெண்டதைத் தராது.” ஆகவே எங்கள் புதுமனையில் விருந்தினர் பாயிலும், அயலவரிடம் இரவல் வாங்கிய தோட்டக் கதிரைகளிலும் அமர்ந்து பால் அருந்தினர். ஒருவருக்குக் கதிரையின் கால் மடங்கியது. கடனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும், ஓரிடத்தில் நானும் சறுக்கினேன். வீட்டின் விலையை மட்டுமே எல்லோரும் கணக்கிட்டிருந்தோம். சட்டத்தரணியின் கட்டணம், உரிமை மாற்ற வரி, வீட்டைப் பரிசோதிப்பவரின் கூலி என்பன ஒவ்வொன்றாகக் கடைசி வாரங்களில் வந்து வரிசையில் நின்றன. கையிலிருந்து போட வேண்டிய முற்பணத்தில் அந்த அளவு துண்டு விழுந்தது. இந்த இடத்தில்தான் சிவபாதம் வருகிறார்.

3

சிவபாதம் என் மனைவியின் தம்பி. கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம் செய்த குடும்பம் அவர்களுடையது. இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்தி, அதனை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அடுக்குமாடி ஒன்றின் பதினேழாம் மாடியில் ஓய்வாக இருந்தார். கையில் பணமும் இருந்தது. அதைவிட அதிகமாக நேரமும் இருந்தது.

“எவ்வளவு அத்தான் குறையுது?” என்று கேட்டார். சொன்னேன்.

“நான் தாறன்.”

“வட்டி?”

“உது என்ன கதை? அக்காவிட்டை வட்டி வாங்கிற ஆளோ நான்? இனி வட்டிக் கதையே எடுக்காதேங்கோ.”

என் மனைவியின் கண்கள் கலங்கின. என் கண்களும் கலங்கின என்றே நினைக்கிறேன்.

முற்பணம் எங்கிருந்து வந்தது என்பதை வங்கி துருவித் துருவிக் கேட்கும். உறவினர் கொடுத்ததாயின், அது அன்பளிப்பு என்றும் திருப்பிக் கேட்கப்படாது என்றும் அவர் கையொப்பமிட்டுத் தரவேண்டும். தர்சினி அந்தத் தாளை அவருக்கு முன்னால் வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள்.

“மாமா, இதிலை அன்பளிப்பு எண்டு கிடக்கு. திருப்பித் தரத் தேவையில்லை எண்டும் கிடக்கு. வடிவா வாசிச்சுப்போட்டு வையுங்கோ. மனமில்லாட்டில் சொல்லுங்கோ, வேறை வழி பாப்பம்.”

“அன்பளிப்புத்தான் பிள்ளை. பேனையைத் தா.”

அவர் மனமுவந்தே கையொப்பமிட்டார். அதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை. எனினும் கையொப்பமிட்ட கை கொடிகாமத்தில் வளர்ந்த கை.

4

இளையோருக்காக ஒற்றி என்பதை இங்கே விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணமுடை வந்தால் காணியை ஒற்றி வைப்பது பழைய வழக்கம். பணம் கொடுத்தவர் வட்டி வாங்கமாட்டார். அதற்குப் பதிலாகக் காணியைத் தம் கையில் எடுத்து, முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதன் பயன் முழுவதையும் அனுபவிப்பார்.

என் தமக்கையின் கலியாணத்துக்காக எங்கள் தகப்பனார் வளவின் பின்பாதியை ஒற்றி வைத்தார். அந்தப் பாதியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. பழுக்கும் பருவத்தில் ஒற்றிக்காரர் சாக்கோடு வருவார். விழுந்த பழமும் அவருடையது. அணில் கடித்து விட்டதும் அவருடையது. எங்கள் பங்குக்கு மணம் மட்டும் வேலிக்கு இப்பால் வந்தது. அவர் எங்களிடம் ஒரு சதம் வட்டி வாங்கியதில்லை என்பதை ஊர் முழுவதும் மெச்சியது. நானும் மெச்சியிருப்பேன், எனக்கு அப்போது பத்து வயதாக இல்லாதிருந்தால்.

ஒன்றை மட்டும் அவருக்குச் சார்பாகச் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் தென்னோலைக் கிடுகு இறக்கி வேலி அடைத்தவரும் அவரே. அந்தப் பாதிக்கான வரியைக் கட்டியவரும் அவரே. அனுபவிப்பவர் பராமரிக்க வேண்டும் என்பது எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்த முறை.

குடிபுகுந்தபின் சிவபாதம் எங்களிடம் முதலில் வந்தது ஒரு வைகாசி மாதத்துச் சனிக்கிழமை, ஆறு தக்காளிக் கன்றுகளோடு. “பின்வளவு சும்மா கிடக்கு, அத்தான்” என்றார். அடுத்த ஆண்டு பயற்றைக்குப் பந்தல் எழுந்தது, பூசணி படர்ந்தது, ஜெயந்தன் ஆசையோடு வளர்த்த புற்றரை வெங்காயப் பாத்திகளாக மாறியது. தண்ணீர் விட வரும்போது வீட்டில் ஆளில்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு திறப்பும் பெற்றுக்கொண்டார். மூன்றாம் ஆண்டு, மகனின் கடையில் இடம் போதவில்லை என்று அரிசி மூட்டைகளும் மாப்பெட்டிகளும் எங்கள் நிலவறைக்கு வந்தன. அவற்றின் பின்னால் மீன் நிறைந்த குளிர்ப்பெட்டி ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒரு மேசையும் நான்கு கதிரைகளும், அவற்றின்மேல் அமர்ந்து சனிக்கிழமை தோறும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாட அவருடைய மூன்று கூட்டாளிகளும் வந்து சேர்ந்தனர்.

ஆரணி அவரைப் பேஸ்மென்ட் தாத்தா என்று அழைக்கத் தொடங்கினாள். தன்னுடைய வீட்டு நிலவறைக்குள் போவதற்கு முன் அவள் கதவைத் தட்டுவாள்.

நாங்கள் எவரும் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மனிதர் வட்டி வாங்கவில்லையே.

5

இப்போது வங்கிக் கடிதத்துக்கு வருவோம். புதிய வட்டியின்படி மாதாந்தக் கட்டுப்பணம் எழுநூறு டொலர் வரையில் கூடும் என்று அதில் இருந்தது. கீழே கையொப்பமிடக் கோடும் போட்டிருந்தார்கள். தர்சினி பேனையை எடுத்துவிட்டாள்.

“கொஞ்சம் பொறு” என்றார் என் மனைவி. “முதல் சொன்ன விலைக்கு ஆரும் வாங்குவினமே?”

“அம்மா, இது பாங்க். பேரம் பேசிற இடமில்லை.”

“விக்கிறவன் இருக்கிற இடமெல்லாம் பேரம் பேசிற இடந்தான்.”

கொடிகாமம் சந்தையில் ஒரு கத்தரிக்காய்க் கூறுக்காகத் திரும்பிப் பாராமல் இருபது அடி நடந்துசென்று, கூப்பிட வைத்து வாங்கிய பெண்மணி என் மனைவி. அவருடைய வற்புறுத்தலால் தர்சினி வேறொரு வங்கியின் வீதத்தைக் கேட்டு வாங்கினாள். தாயும் மகளும் அதனோடு எங்கள் வங்கிக்குச் சென்றனர். அதிகாரி மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றாராம். என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாராம். மேலிடம் உடனே அகப்பட்டதாம். வீதம் குறைந்தது. அன்பர்களே, வங்கி அனுப்பும் முதற் கடிதம் ஒரு விலை கூறல் மட்டுமே. அதனைத் தீர்ப்பாக எண்ணிக் கையொப்பமிடாதீர்கள்.

குறைந்த பின்னரும் மாதத்துக்கு ஐந்நூறு டொலர் மேலதிகமாகத் தேவைப்பட்டது. கடனின் ஆண்டுகளை நீட்டினால் மாதப் பணம் குறையும் என்று அதிகாரி இனிமையாகச் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெயந்தன் கடைசித் தவணையைக் கட்டும்போது அவருக்கு என் வயதாகியிருக்கும். அவர் பண்டகசாலையில் ஏற்கெனவே மேலதிக வேலை செய்கிறார். தர்சினி மருந்தகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிறாள். எஞ்சிய வழி ஒன்றுதான். நிலவறைக்குத் தனி வாசல் இருக்கிறது. நகரசபையில் முறைப்படி பதிந்து அதனை வாடகைக்கு விட்டால் தேவையானது வரும், மிச்சமும் வரும். இல்லாவிட்டால் வீட்டை விற்கவேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜெயந்தன்தான் வாய் திறந்தார்.

“சிவபாதம் மாமாவிட்டை ஆர் சொல்லுறது?”

“ஒருத்தரும் சொல்லக்கூடாது” என்றார் என் மனைவி. “என்ரை தம்பி தராட்டில் உந்த வீட்டுக்குள்ளை வந்திருப்பியளே? இப்ப வெளியிலை போ எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருமோ?”

எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது.

கரவெட்டியில் என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற நொத்தாரிசு. காணி உறுதி எழுதியே முதுகு வளைந்தவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஒற்றிக்கு எடுத்தவர்தானே வேலி அடைக்கிறது?”

“அனுபவிக்கிறவன் அடைக்கிறதுதானே முறை. வரியும் அவன்தான். ஏன் கேக்கிறீர், கனடாவிலையும் ஒற்றி இருக்கோ?”

“ஒருத்தர் வைச்சிருக்கிறார்.”

“ஆற்றை வீட்டை?”

“என்ரை மகளின்ரை வீட்டை.”

நண்பர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் பிடித்து, மனைவி வந்து தொலைபேசியைப் பறித்து, “அண்ணை, இவரைச் சிரிக்கப் பண்ணாதேங்கோ, டொக்டர் வேண்டாமெண்டவர்” என்றார்.

6

ஆனி மாதத்தில் வீசிய பெருங்காற்று எனக்குச் சார்பாக வீசியது என்று சொன்னால் அது பாவம். ஆயினும் பின்பக்கத்து மரவேலியின் பாதியை அது சாய்த்துவிட்டுச் சென்றது. அதே வாரத்தில் வீட்டு வரிப் பத்திரமும் வந்தது. வேலி அமைப்பவரை அழைத்து விலை கேட்டு எழுதி வாங்கினேன். சனிக்கிழமை, இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிச் சென்றேன். ஆட்டம் உச்சத்தில் இருந்தது.

“சிவபாதம், வேலி விழுந்துபோச்சு.”

“ஓம் அத்தான், பாத்தனான். கெதியா அடையுங்கோ. முயல் பூந்து பயற்றையைக் கடிச்சுப்போட்டுது.”

“நானோ அடைக்கிறது?”

“பின்னை ஆர்?”

“காணியை அனுபவிக்கிறவர்தானே அடைக்கிறது. கொடிகாமத்திலை வேறை முறையோ?” என்று கேட்டு, முதலாவது தாளை மேசையில் வைத்தேன். “வரியும் வந்திருக்கு.” இரண்டாவதையும் வைத்தேன். “முழு வீட்டுக்கும் கேக்கேல்லை. பின்வளவுக்கும் நிலவறைக்கும் உள்ள பங்கைப் பாத்துத் தாரும். புல்லு வெட்டிற மெசின் கராச்சுக்குள்ளை நிக்குது.”

சீட்டுகள் அப்படியே கைகளில் நின்றன. சிவபாதம் தாள்களைப் பார்த்தார், தொகைகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் தொகைகளைப் பார்த்தார்.

“உது என்ன விசர்க் கதை அத்தான்? நானென்ன ஒற்றிக்கோ எடுத்தனான்? நான் அன்பளிப்பாத் தந்தவன். பாங்கிலை கையெழுத்து வைச்சுக் குடுத்தவன்.”

“அப்பிடியோ. நான் மறந்துபோனன்.”

கூட்டாளிகளில் ஒருவர், முன்னாள் தபாலதிபர், சீட்டிலிருந்து கண் எடுக்காமலே சொன்னார்: “அன்பளிப்பெண்டால் உந்தத் திறப்பு என்னத்துக்குக் காணும், சிவபாதம்?”

சிவபாதம் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறினார். திறப்பை எடுத்துச் செல்ல மறக்கவில்லை.

அன்று நான் வெற்றி பெற்றதாகவே எண்ணினேன். அந்த எண்ணம் இரவுச் சாப்பாடுவரை நீடித்தது.

என் மனைவி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அவர் என்னை ஏசியதுண்டு, மௌனமாக இருந்ததில்லை. ஏச்சுக்கு நான் பழக்கப்பட்டவன். ஆரணி தூது நடந்தாள். “அம்மப்பா, அம்மம்மா சொல்லுறா, சாப்பாடு மேசையிலையாம். சூடாக்கிறதெண்டால் நீங்களே சூடாக்கட்டாம்.” அடுத்த சனியும் சிவபாதம் வரவில்லை, அதற்கடுத்த சனியும் வரவில்லை. பூசணி இலைகள் வெயிலில் துவண்டன. காலையும் மாலையும் நானே வாளியோடு சென்று தண்ணீர் விட்டேன். யன்னலில் ஓர் உருவம் நின்று அதைப் பார்ப்பதும், நான் நிமிர்ந்தால் மறைவதுமாக இருந்தது.

நிலவறையில் அரிசி மூட்டைகள் அசையவில்லை. ஓகஸ்ட் நெருங்கியது. ஒரு நாள் தர்சினி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே படியில் அமர்ந்தாள். “அப்பா, இனி ஏலாது. முகவருக்குச் சொல்லி வீட்டை விக்கப் போடுவம். ஆரணிக்குப் பள்ளிக்கூடம் மாத்தவேணும். அது ஒண்டுதான் கவலை.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். பேருந்து அட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

7

பதினேழாம் மாடிக்கு நான் அதற்குமுன் இரண்டு முறைதான் சென்றிருக்கிறேன். கதவைத் திறந்த சிவபாதம், “வாங்கோ” என்றார். உபசாரத்துக்காக அல்ல, வழக்கத்துக்காக. மாடத்தில் ஒரேயொரு சாடியில் மிளகாய்ச் செடி ஒன்று நின்றது. அந்த உயரத்துக் காற்றில் அது ஒரு பக்கமாகவே வளர்ந்திருந்தது. அதைச் சுவரோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்.

“பூசணி ஒண்டு முத்திப்போச்சு” என்றேன். “ஆய்ஞ்சு போடட்டோ?”

“காம்பு காஞ்சதோ?”

“அரைவாசி.”

“அப்ப விடுங்கோ. இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும்.” மாடத்துக்குப் போய்ச் செடியின் துணிக்கட்டை இறுக்கினார். “தண்ணி ஆர் விடுறது?”

“நான்தான்.”

“இலையிலை படாமல் விடுங்கோ.”

நான் வந்த விடயத்தை எடுத்தேன். “சிவபாதம், நான் அண்டைக்குச் செய்தது குறும்பு. சரியெண்டு சொல்ல வரேல்லை. உம்மடை காசை மாதம் மாதம் திருப்பித் தாறதாய் முடிவு. வட்டியோடை.”

“வட்டி வேண்டாம் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“அந்தக் கதையை விடும். நீர் வட்டி வேண்டாமெண்டதுக்கு நாங்கள் ஐஞ்சு வருசமாய்க் கட்டிக்கொண்டிருக்கிறம். நீரும் உம்மடை காசு போச்சோ இருக்கோ எண்டு தெரியாமல் கிழமைக்குக் கிழமை வந்து பாத்துக்கொண்டிருக்கிறீர். ரெண்டு பேருக்கும் நிம்மதி இல்லை. ஒரு வீதத்தைச் சொல்லும். நிலவறை வெறுமையானால் வாடகை வரும். பாங்குக்குப் போக மிச்சம் உமக்கு. வாடகை பிந்தினால் உமக்கும் பிந்தும்.”

அவர் எழுந்து சென்று தேநீர் போட்டார். நெடுநேரம் போட்டார். கோப்பையோடு திரும்பியபோது அவர் முகத்தில், கடையில் இருபது ஆண்டு நின்ற மனிதர் வந்து அமர்ந்திருந்தார்.

“எத்தினை வீதம் தருவியள்?”

“பாங்குக்குக் குடுக்கிறதே உமக்கும்.”

“பாங்க் உங்களுக்குச் சொந்தமோ? நான் அக்காவின்ரை தம்பி. கால் வீதம் கூட்டித் தரவேணும்.”

“சொந்தமெண்டால் குறைக்கிறதல்லோ?”

“குறைச்சதாலை வந்த கரைச்சல்தானே இவ்வளவும், அத்தான்.”

சங்கத்தின் மானத்தைக் காப்பதற்காக மேலும் கொஞ்சம் வாதாடினேன். முடிவில் கால் வீதம் அவருக்கு. தோட்டமும் அவருக்கு, ஆனால் விளைச்சலில் பாதி அக்காவுக்கு. வேலிச் செலவு சரிபாதி. அங்கிருந்தபடியே அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, அத்தானைக் கால் வீதத்தாலை விழுத்திப்போட்டன்.”

மறுமுனையில் என் மனைவி என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் வீடு திரும்பியபோது சாப்பாடு சூடாக இருந்தது. “ஒரு வீதமும் பேசத் தெரியாத ஆள், சங்கக் கடையை எப்பிடித்தான் நடத்தினியளோ” என்றார். பல கிழமைகளின் பின் அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில், அன்பளிப்பாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்திருப்பதைத் தர்சினி வங்கிக்கு மறைக்காமல் அறிவித்தாள். அதிகாரி அதனையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

நான் பதினேழாம் மாடிக்குப் போய்வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே சிவபாதம் வான் ஒன்றுடன் வந்து நின்றார். மத்தியானத்துக்குள் அரிசி, மா, மீன், மேசை எல்லாம் மகனின் கடைக்குப் போயின. கடையில் இடம் எப்படி உண்டாயிற்று என்று நான் கேட்கவில்லை. சுவருக்கு நிறம் பூச ஆள் பிடித்தவரும் அவரே. நகரசபையின் பரிசோதகர் வருவதற்குப் பிந்தியபோது தினமும் தொலைபேசியில் நச்சரித்தவரும் அவரே. வாடகைக்கு ஆள் தேடி நாங்கள் விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கையில், ஒரு பிற்பகல், தம் காரில் ஒரு பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் முடித்து, மேற்படிப்புக்கு வந்த பிள்ளை. குளிருக்கு இன்னும் பழகாததால் கோடையிலும் கம்பளிச் சட்டை அணிந்திருந்தாள்.

சிவபாதம் அவளை நிலவறை முழுவதும் நடத்திக் காட்டினார். குழாயைத் திறந்து மூடினார், யன்னலைத் தட்டினார். சமைக்கலாம், ஆனால் கருவாடு பொரிக்கும்போது கதவைத் திறக்கவேண்டும் என்றார். மின்குமிழை அணைக்காமல் போகக்கூடாது என்றார். வாடகை முதலாம் திகதி காலையில் வந்துவிட வேண்டும், இரண்டாம் திகதி என்ற கதையே இருக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நானும் ஜெயந்தனும் படியடியில் நின்றோம்.

அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, மரியாதையோடு கேட்டாள்.

“ஐயா, நீங்களோ வீட்டுக்காரர்?”

சிவபாதம் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“இல்லைப் பிள்ளை” என்றார். “வீட்டுக்காரர் உவர், படியடியிலை நிக்கிற தம்பி. நான் வட்டிக்காரன்.”